பருவும் முடியும் பார்லர் விஷயமா?

பதினாறு வயதுப் பெண். கழுத்தின் பின்பக்கம் கறுத்துப் போயிருக்கிறது. அம்மா பீர்க்கங்காய் நார் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டார். கடலை மாவு, தயிர், எலுமிச்சைச் சாறு என்று எல்லாம் பூசியாகிவிட்டது. "ஒழுங்காத் தேய்ச்சுக் குளிக்கிறதே இல்ல, அதான் கழுத்தெல்லாம் அழுக்கு" என்று தினமும் திட்டு வேறு. தேய்த்துத் தேய்த்துத் தோல் எரிகிறதே தவிர, கருமை போகவில்லை.

அதே பெண்ணுக்கு மேலுதட்டில் இருந்த பூனைமுடி தடித்துக்கொண்டு வருகிறது. தாடையில் பெரிய பெரிய பருக்கள். மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. கழுத்துக்குக் கடலை மாவு, உதட்டுக்குப் பார்லர், பருவுக்கு மெடிக்கல் ஷாப்பில் யாரோ சொன்ன க்ரீம். மாதவிலக்குக்கு மட்டும் பெரியம்மா ஒரு மருந்து வைத்திருக்கிறார்: "கல்யாணம் ஆச்சுன்னா எல்லாம் தானா சரியாயிடும்."

நான்கு தொல்லை, நான்கு வைத்தியம். ஆனால் இந்த நான்கும் உடலுக்குள் ஒரே இடத்திலிருந்து கிளம்பி வரும் ஒரே சேதியாக இருக்கலாம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் நடக்கும் கதைதான் இது. தோலும் முடியும் அழகு சம்பந்தப்பட்டவை என்று முடிவு கட்டிவிட்டதால் வரும் வினை. அந்த முடிவு எவ்வளவு தவறானது என்று புரிய வேண்டுமானால் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆண்களுக்கு மட்டும் சொந்தமா?

ஆண்ட்ரோஜன் என்பது ஒரு ஹார்மோனின் பெயர் அல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். அதில் எல்லோருக்கும் தெரிந்த உறுப்பினர் டெஸ்டோஸ்டிரோன். "ஆண் ஹார்மோன்" என்று பாடப் புத்தகத்தில் படித்ததோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். பெண்ணின் உடலிலும் சினைப்பையும் அட்ரினல் சுரப்பியும் ஆண்ட்ரோஜன்களைச் சுரக்கின்றன என்பது அந்தப் பெயருக்குள் மறைந்துபோகிறது.

அளவில்தான் வித்தியாசம். வளர்ந்த ஆணின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 300 முதல் 1000 நானோகிராம் வரை டெஸ்டோஸ்டிரோன் இருக்கும். பெண்ணுக்கு ஏறக்குறைய 15 முதல் 70 வரை. பரிசோதனைக் கூடத்துக்குக் கூடம் இந்த எல்லைகள் கொஞ்சம் மாறும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. "பெண் ஹார்மோன்" எனப்படும் ஈஸ்ட்ரோஜனைப் பெண்ணின் உடல் ஆண்ட்ரோஜனிலிருந்துதான் தயாரிக்கிறது. மாவு இல்லாமல் தோசை இல்லை என்பதுபோல, ஆண்ட்ரோஜன் இல்லாமல் ஈஸ்ட்ரோஜனும் இல்லை. ஆகவே ஒரு பெண்ணுக்கு ஆண்ட்ரோஜன் இருக்கிறது என்றால் அவளிடம் ஏதோ ஆண்தன்மை இருக்கிறது என்று பொருள் இல்லை. அவள் உடல் ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் பொருள். அளவு கூடும்போதுதான் சிக்கல்.

எண்ணெய்ச் சுரப்பியும் மயிர்க்காலும்

ஆண்ட்ரோஜனின் அளவு கூடினால் அதை முதலில் காட்டிக்கொடுப்பது தோல்தான். தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் இந்த ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டவை. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஏறும்போது சுரப்பிகள் பெருத்து, எண்ணெய் அதிகம் சுரக்கிறது. இறந்த செல்களும் எண்ணெயும் சேர்ந்து துவாரத்தை அடைக்க, உள்ளே பாக்டீரியா பெருகி, வீங்கிப் பருவாகிறது. சின்ன வயதுக் குழந்தைகளுக்குப் பரு பெரும்பாலும் வராததும், பத்தாம் வகுப்பில் வகுப்பே பருவோடு உட்கார்ந்திருப்பதும் இதனால்தான்.

முடியின் கதை இன்னும் விசித்திரமானது. மேலுதடு, தாடை, மார்பு போன்ற இடங்களில் ஆண்ட்ரோஜன் பூனைமுடியைத் தடித்த கறுப்பு முடியாக மாற்றுகிறது. உச்சந்தலையிலோ நேர் எதிர். அங்கே தடித்த முடியை மெலிய வைத்து, கடைசியில் பூனைமுடியாக்கிவிடுகிறது. தாடியை வளர்ப்பதும் தலையை வழுக்கையாக்குவதும் ஒரே ஹார்மோன்! ஒவ்வொரு மயிர்க்காலும் தான் எந்த இடத்தில் பிறந்ததோ அந்த இடத்துச் சுபாவத்தை வைத்திருக்கிறது. தலையின் பின்பக்கத்து முடியைப் பிடுங்கி முன்பக்கத்தில் நட்டால் அது கொட்டாமல் நிற்பதும் அதனால்தான். நார்மன் ஒரெண்ட்ரைக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1959இல் இதை விளக்கினார். இன்றைய முடி நடும் தொழில் முழுக்க இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது.

வழுக்கைக்கும் ஆண்ட்ரோஜனுக்கும் உள்ள தொடர்பை உறுதி செய்தவர் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற உடற்கூற்றியலாளர். பருவமடையும் முன்பே விரைகளை இழந்த ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று 1942இல் எழுதினார். அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. ஹார்மோன் மட்டும் போதாது, பரம்பரையும் சேர வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்த துப்பு கிடைத்தது டொமினிகன் குடியரசில். அங்கே சலினாஸ் என்ற ஊரில் சில குழந்தைகள் பிறக்கும்போது பெண்போலத் தோன்றி, பருவ வயதில் ஆணாக மாறினார்கள். டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வீரியமான டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றும் ஒரு நொதி அவர்களுக்குக் குறைவு என்று ஜூலியான் இம்பெராட்டோ-மக்கின்லி குழுவினர் 1974இல் கண்டறிந்தார்கள். அந்த ஆண்களுக்குத் தாடி அடர்த்தியாக வரவில்லை. வழுக்கையும் விழவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தாகத்தான் ஃபினாஸ்டிரைடு பிறந்தது. 1992இல் அமெரிக்காவில் புராஸ்டேட் வீக்கத்துக்கும், 1997இல் ஆண்களின் வழுக்கைக்கும் அனுமதி பெற்றது.

இதிலிருந்து தெரிய வேண்டியது ஒன்று உண்டு. ரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு ஓடுகிறது என்பது பாதிக் கதை. தோலும் மயிர்க்காலும் அதற்கு எவ்வளவு கூர்மையாகக் காது கொடுக்கின்றன என்பது மீதிக் கதை. வழுக்கை விழுந்தவருக்கு ஆண்மை அதிகம் என்று டீக்கடையில் சொல்வதில் உண்மை இல்லை. அவருக்கு டெஸ்டோஸ்டிரோன் சாதாரண அளவில்தான் இருக்கும், மயிர்க்கால்தான் ரோஷக்காரன்! அதேபோல, ரத்தப் பரிசோதனையில் அளவு சரியாக இருந்தும் முகத்தில் முடி வளரும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் "ரிப்போர்ட் நார்மல்தான், போயிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினால் அது பாதி வைத்தியம்தான்.

கழுத்துக் கருமை எங்கிருந்து வருகிறது?

முதலில் பார்த்த பெண்ணின் கழுத்துக்கு வருவோம். அழுத்தமாக, வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுத்திருக்கும் அந்தத் தோல் பெரும்பாலும் இன்சுலினின் கைவேலை. உடல் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்காதபோது, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து சமாளிக்கப் பார்க்கிறது. அப்படிப் பெருகிய இன்சுலின் கழுத்து, அக்குள், தொடை இடுக்குத் தோலைத் தடிக்க வைக்கிறது. சின்னச் சின்ன மருக்களும் கூடவே வரும். பீர்க்கங்காய் நாருக்கும் எலுமிச்சைக்கும் இது போகாது. தேய்க்கத் தேய்க்கக் கருமை கூடத்தான் செய்யும்.

அதே இன்சுலின் இரண்டு இடங்களில் ஆண்ட்ரோஜனை உசுப்பிவிடுகிறது. சினைப்பையில் ஆண்ட்ரோஜன் உற்பத்தியைக் கூட்டுகிறது. கல்லீரலில், டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிப்போட்டு வைக்கும் ஒரு புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கிறது. சரக்கும் அதிகம், காவலும் குறைவு. விளைவு, கட்டவிழ்ந்த டெஸ்டோஸ்டிரோன் தோலுக்கும் மயிர்க்காலுக்கும் தாராளமாகப் போய்ச் சேர்கிறது. சினைப்பையில் கருமுட்டை முதிர்ந்து வெளியேறுவதும் தடைப்படுகிறது. அதனால்தான் மாதவிலக்கு தள்ளிப்போகிறது. கழுத்து, பரு, பூனைமுடி, மாதவிலக்கு... நான்கு முடிச்சும் ஒரே கயிற்றில்!

இதற்குப் பெயர்தான் பிசிஓஎஸ். 1935இல் சிகாகோவில் ஸ்டெயின், லெவந்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதியதிலிருந்து இதன் நவீன வரலாறு தொடங்குகிறது. தமிழில் இது "நீர்க்கட்டி" ஆகிவிட்டது. ஸ்கேனில் தெரிபவை உண்மையில் கட்டிகள் அல்ல. முதிராமல் பாதியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள். "கட்டி" என்ற வார்த்தையைக் கேட்டதும் வீடே நடுங்குகிறது, கட்டியைக் கரைக்க எங்கெங்கோ லேகியம் தேடுகிறது. கரைக்க அங்கே ஒன்றும் இல்லை. சீராக்க வேண்டியது ஹார்மோனை.

கருத்தரிக்கும் வயதில் உள்ள பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இந்தப் பிரச்சினை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 70 சதவீதம் பேர் வரை தங்களுக்கு இது இருப்பதே தெரியாமல் வாழ்கிறார்கள் என்றும் சொல்கிறது. இத்தனைக்கும் இது ஒளிந்திருக்கும் நோய் அல்ல. முகத்தில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை.

கல்யாணம் ஒரு மருந்தல்ல

இதைப் படிக்காமல் விட்டால் என்ன ஆகும்? முகத்தில் நாலு முடி கூடும், அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கர்ப்ப காலச் சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு, பதற்றம் எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது. மாதக்கணக்கில் மாதவிலக்கு வராமல் இருக்கும்போது கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகிறது. பல ஆண்டுகள் இப்படியே விட்டால் அங்கே புற்றுநோய்க்கான அபாயமும் உயர்கிறது. "வராம இருந்தா நிம்மதிதானே" என்று விட்டுவிடக் கூடாதது இதனால்தான்.

சென்னையின் ஒரு சர்க்கரை நோய் ஆராய்ச்சி மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்றது அது. அந்தக் கணக்கில் நாளைக்குச் சேரக்கூடிய ஒரு பெண்ணை, பதினாறு வயதிலேயே அடையாளம் காட்டுகிறது கழுத்துக் கருமை. நடக்கவும் விளையாடவும் சாப்பாட்டை மாற்றவும் அவளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அந்தக் காலத்தைத்தான் கடலை மாவும் கல்யாணப் பேச்சும் தின்றுவிடுகின்றன.

கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்ற வாக்கியம் ஆறுதல்போல ஒலிக்கிறது. தாலி கட்டியதும் இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்குவதில்லை. நடப்பது வேறு. கல்யாணமாகி ஒரு வருடம் கழிந்ததும் "விசேஷம் ஏதும் இல்லையா?" என்று மாமியார் வீட்டில் கேட்க ஆரம்பிக்கிறார்கள். பதினாறு வயதில் அம்மாவோடு நிதானமாகப் பார்த்திருக்க வேண்டிய டாக்டரை, இருபத்தைந்து வயதில் குற்றவாளிபோல நின்று அவள் பார்க்கிறாள். வயதுக்கு வந்ததை மண்டபம் பிடித்துக் கொண்டாடும் சமூகம், அதன் பிறகு அந்த மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று ஒருமுறைகூடக் கேட்பதில்லை என்பது எவ்வளவு பெரிய முரண்!

அழிப்பதும் படிப்பதும்

பார்லர் போவது தப்பா? இல்லவே இல்லை. முகத்து முடியை எடுப்பதும் எடுக்காமல் விடுவதும் அந்தப் பெண்ணின் இஷ்டம். திரெடிங் செய்தால் முடி இன்னும் தடித்து வளரும் என்ற பயமும் தேவையில்லாதது. பிரச்சினை எடுப்பதில் இல்லை, எடுத்ததோடு விஷயம் முடிந்தது என்று நினைப்பதில்தான். வண்டியில் எரியும் சிவப்பு விளக்கின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு ஓட்டுவதுபோல.

க்ரீம் விஷயம் இதைவிட மோசம். பருவுக்கும் கருமைக்கும் என்று மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கப்படும் பல க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, பரு அதிகமாகி, பூசிய இடத்திலேயே முடியும் வளர ஆரம்பிக்கும். எதை மறைக்கப் பூசினார்களோ அதையே கூட்டிவிடும்! இந்தக் கொடுமையைத் தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் எடுத்துச் சொன்ன பிறகு, 2018இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய பட்டியலுக்குக் கொண்டுவந்தது. ஆனால் "அந்த ட்யூப் ஒண்ணு குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கும் பழக்கம் சட்டத்தைவிட வயதானது.

இன்னொரு சின்னத் தகவல். முடி கொட்டுகிறது என்று பலர் பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அதிக அளவில் பயோட்டின் எடுத்தால் சில ஹார்மோன் பரிசோதனைகளின் முடிவு தவறாக வரும். டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனையும் அதில் ஒன்று. ரத்தம் கொடுக்கும் முன் என்னென்ன சாப்பிடுகிறோம் என்று டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

பரு வந்தாலே நோயாளியா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். இப்படியெல்லாம் பயமுறுத்தினால் பரு வந்த ஒவ்வொரு பெண்ணும் ஸ்கேன் சென்டர் வாசலில் போய் நிற்க மாட்டாளா? ஏற்கெனவே பெண்ணின் உடம்பைக் குறை சொல்லப் போதுமான ஆட்கள் இருக்கிறார்களே, இப்போது மருத்துவத்தின் பெயரால் இன்னொரு கூட்டமா?

கேள்வி சரியானது. 2024இல் வடமாநிலம் ஒன்றில் பத்தாம் வகுப்புத் தேர்வில் முதலிடம் பிடித்த மாணவியின் படம் வெளியானபோது, மதிப்பெண்ணை விட்டுவிட்டு மேலுதட்டு முடியைப் பற்றிப் பேசியது இணையம். கேலி செய்தவர்கள் ஒரு பக்கம். பரிதாபப்பட்டு, புகைப்படத்தைப் பார்த்தே நோய் என்னவென்று தீர்ப்பு சொன்னவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே அநாகரிகம்தான். படத்தைப் பார்த்து யாருக்கும் எந்த நோயும் சொல்ல முடியாது. குடும்ப வாகாகவே முகத்தில் முடி அதிகம் உள்ள பெண்கள் இந்தியாவில் ஏராளம். அவர்களுக்கு மாதவிலக்கும் சர்க்கரையும் ஒழுங்காகவே இருக்கும்.

அதனால்தான் மருத்துவ வழிகாட்டுதல்களும் நிதானமாகவே பேசுகின்றன. 2003இல் ராட்டர்டாமில் கூடிய நிபுணர்கள் மூன்று அம்சங்களைச் சொன்னார்கள். ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பை மாற்றம். மூன்றில் இரண்டாவது இருந்தால்தான் பிசிஓஎஸ், அதுவும் தைராய்டு போன்ற மற்றக் காரணங்களை விலக்கிய பிறகு. 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் பதின்வயதுப் பெண்களுக்கு இதை இன்னும் இறுக்கியிருக்கிறது. அந்த வயதில் முதல் இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும், ஸ்கேனை வைத்து முடிவு செய்யக் கூடாது என்கிறது. வளரும் வயதில் ஆரோக்கியமான பெண்ணின் சினைப்பையே ஸ்கேனில் அப்படித் தெரியலாம் என்பதே காரணம். ஆக, பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஸ்கேன் மட்டும் எடுத்து "நீர்க்கட்டி இருக்கு" என்று பயமுறுத்துவதும் தவறுதான்.

எப்போது கவலைப்பட வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. வயதுக்கு வந்த முதல் வருடம் மாதவிலக்கு முன்பின் ஆவது சகஜம். ஒரு வருடம் தாண்டிய பிறகு 45 நாட்களுக்கு மேல் இடைவெளி தொடர்ந்தாலோ, ஒரே ஒருமுறை 90 நாட்களைத் தாண்டினாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். மூன்று வருடம் ஆன பிறகு 35 நாட்களுக்கு மேல் போய்க்கொண்டிருந்தால் அது ஒழுங்கு அல்ல. சில மாதங்களுக்குள் திடீரென்று முடி வேகமாக வளர்ந்து, குரலும் தடித்தால் காத்திருக்கவே கூடாது. அரிதாகச் சினைப்பையிலோ அட்ரினலிலோ வரும் கட்டி அப்படித்தான் அறிவிக்கும்.

ஆண்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை

இது பெண்களின் கதை மட்டும் அல்ல. ஆண்ட்ரோஜனைக் குறைவாக வைத்திருக்க ஒரு சந்தை பெண்களைத் துரத்துகிறது என்றால், கூட்டிக்கொள்ளச் சொல்லி இன்னொரு சந்தை ஆண்களைத் துரத்துகிறது. தாடி எண்ணெய், "பவர்" மாத்திரை, ஜிம்மில் கைமாறும் ஊசி. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், போதுமான சரக்கு இருக்கிறது என்று மூளை நினைத்துக்கொண்டு விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. விரை சுருங்குகிறது, விந்தணு உற்பத்தி படுத்துவிடுகிறது. வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்து, 1990இல் முடிவை வெளியிட்டது. ஆண்மைக்கு என்று நினைத்துப் போட்டுக்கொள்ளும் ஊசி, குழந்தை பிறப்பைத் தடுக்கும் ஊசியாகச் சோதிக்கப்பட்டது என்று ஜிம்மில் யாரும் சொல்லித் தருவதில்லை. முதுகு நிறையப் பரு, ரத்தம் தடித்துப்போவது, ஊசியை நிறுத்தியதும் வரும் சோர்வு என்று பட்டியல் இன்னும் நீளும்.

மறுபுறம், தொப்பை பெருத்த ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் உண்மையாகவே குறைவது உண்டு. சோர்வு, எலும்பு மெலிவு, ரத்தசோகை எல்லாம் அதோடு வரலாம். அவர்களில் பலருக்கும் முதல் மருந்து ஊசி அல்ல, எடைக் குறைப்பு. ஆணுக்குக் குறைவதற்கும் பெண்ணுக்குக் கூடுவதற்கும் பின்னால் அதே இன்சுலின் கோளாறு நிற்பது எவ்வளவு ஆச்சரியம்!

என்ன செய்யலாம்?

பிசிஓஎஸ் முற்றிலும் ஒழிந்துபோகும் நோய் அல்ல. ஆனால் நன்றாகவே கட்டுக்குள் வரக்கூடியது. எடை அதிகம் உள்ளவர்கள் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகத் தொடங்குகிறது. ஒல்லியான பெண்களுக்கும் இது வருவதால், "நீ ஒல்லிதானே, உனக்கென்ன?" என்று விட்டுவிடவும் கூடாது, "குண்டா இருக்க, அதான்" என்று குத்திக்காட்டவும் கூடாது. தேவைப்பட்டால் ஹார்மோன் மாத்திரைகள், மெட்ஃபார்மின், ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்துகள் உண்டு. முகத்து முடி குறைவது தெரிய ஆறு மாதமாவது ஆகும், பொறுமை வேண்டும். ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்துகள் கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியவை என்பதால் தோழி சொன்னாள் என்று வாங்கிப் போடவே கூடாது.

பள்ளி, கல்லூரிகளில் மருத்துவ முகாம் நடத்தும்போது எடையும் கண்ணும் பார்ப்பதோடு இன்னும் இரண்டு கேள்விகள் சேர்த்துக் கேட்கலாம். "கடைசியா எப்போ பீரியட்ஸ் வந்தது? கழுத்து எப்போதிலிருந்து இப்படிக் கறுத்திருக்கு?" கேட்பவர் ஒரு பெண்ணாக, தனியறையில் கேட்டால் போதும். பெரிய கருவி எதுவும் வேண்டாம், அரை நிமிடம் செலவு. பக்கத்தில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அங்கேயே பார்த்துவிடலாம். அதைவிட முக்கியம் வீடு. மகளின் முகத்தில் என்ன இருக்கிறது என்பது அம்மாவுக்குத்தான் முதலில் தெரிகிறது. அப்பாவும் அண்ணனும் அதைக் கேலி செய்யாமல் இருப்பதே பாதி உதவி.

உடம்பு பேசுவதற்கு அதிகம் வழிகள் இல்லை. கல்லீரல் பேசாது, கணையம் பேசாது, சினைப்பை பேசாது. அவற்றுக்காகப் பேசுவது தோலும் முடியும்தான். அந்தப் பெண்ணின் கழுத்தில் இருப்பது அழுக்கு அல்ல என்று தெரிந்தால், அம்மா நாரைக் கீழே வைத்துவிட்டு அவளை டாக்டரிடம் கூட்டிப் போவார். திட்டு வாங்கிக்கொண்டு நிற்கும் அந்தப் பெண்ணுக்கும், இதில் தன் தப்பு எதுவும் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரியும்.